உப்புக்காற்றில் எந்தத் தளம் நிற்கும்? பிக்கப் வண்டிக்குத் தொட்டியா, இரும்பா, அலுமினியமா

திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கி, சஸ்பென்ஷனை உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, மணலுக்கும் சேற்றுக்கும் தயார் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் பின்பக்கத் தொட்டியைப் பார்த்து யோசிப்பார்கள். அதைக் கழற்றிவிட்டுத் தட்டையான தளம் போடலாமா? போட்டால் இரும்பிலா, அலுமினியத்திலா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் வண்டி நிற்கிறது என்றால் மேல்தளம் அலுமினியத்தில், அதைத் தாங்கும் சட்டம் கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, இரும்பில். ஆனால் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். அதை சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் எப்படி உட்கார வைக்கிறோம் என்பதுதான் மீதி. அந்த மீதியைத்தான் பல பட்டறைகளில் அவசரமாக முடித்துவிடுகிறார்கள்.

முதலில் தொட்டி. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில் கம்பெனி கொடுக்கும் தொட்டி நல்ல வேலைப்பாடுதான். தளம் தாழ்வாக இருப்பதால் சுமையின் எடையும் தாழ்வாகவே இருக்கும். சரிவில் குறுக்கே போகும்போது இது பெரிய பலம். குறை எங்கே என்றால், இரண்டு பக்கமும் சக்கர மேடு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே கிடைக்கும் அகலம் ஒன்றேகால் மீட்டர்கூட வராது. மீன் பெட்டியோ, ஐஸ் பெட்டியோ, ஜெனரேட்டரோ வைத்தால் மூலையெல்லாம் வீணாகும். இன்னொன்று, துரு. தொட்டிக்குள் போடும் பிளாஸ்டிக் லைனரை இரண்டு மழைக்காலம் கழித்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள். தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றியும், முன்பக்கத் தகடும் தரையும் சேரும் மடிப்பிலும் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். விரலால் அழுத்தினால் உதிரும். மணலும் உப்பும் அங்கே ஈரத்தோடு தங்கிவிடுவதுதான் காரணம். தகடு மெல்லியது என்பதால் துரு தொடங்கினால் ஓட்டை விழ அதிக நாள் ஆகாது.

தட்டைத் தளம் போட்டால் சக்கர மேடு தொல்லை இல்லை. மூன்று பக்கமும் கதவை இறக்கிவிட்டு எந்தப் பக்கத்திலிருந்தும் ஏற்றி இறக்கலாம். பக்கவாட்டில் உரசல் வாங்கினால் கதவை மட்டும் மாற்றலாம். பின்முனையை இருபுறமும் சாய்த்து வெட்டினால் பள்ளத்திலிருந்து ஏறும்போது மூலை தரையில் இடிக்காது. ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரி வண்டிகளைப் பின்பக்கம் வெறும் சேஸிஸாகவே விற்கிறார்கள்; தளத்தை வாங்குகிறவர் விருப்பப்படி பொருத்திக்கொள்கிறார். அங்கே அலுமினியத் தளம் அன்றாடப் பொருள்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது டயர் மேலே வந்து தளத்தின் அடியை இடிக்கக் கூடாது. அதனால் தளம் தொட்டியின் தரையைவிட உயரத்தில்தான் உட்கார முடியும். டயர் பெரிதாகப் பெரிதாக அந்த உயரமும் ஏறும், வண்டி சாயும் பயமும் ஏறும். பாரத்தைத் தாழ்வாக வைக்க வேண்டிய தேவை உங்களுக்கு முக்கியம் என்றால் தொட்டியை விட்டுவிடாதீர்கள்.

சரி, இரும்பா அலுமினியமா?

எடையில்தான் எல்லோரும் தொடங்குவார்கள். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம். அதனால் அலுமினியத் தளம் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும் என்று கடையில் சொல்வார்கள். அது சரியான கணக்கில்லை. அலுமினியத்தின் விறைப்பும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே கனத்தில் தகடு போட்டால் கால் வைத்த இடத்தில் தொய்யும். 3 மி.மீ. இரும்புத் தகட்டின் விறைப்பு வேண்டுமானால் அலுமினியத்தில் 4.5 மி.மீ. அளவுக்குப் போக வேண்டும். தளம் மூன்று சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரும்பில் தகடு மட்டும் 70 கிலோ, அலுமினியத்தில் சுமார் 36 கிலோ. ஆக, நிஜமான லாபம் பாதி. அந்தப் பாதியும் சின்ன விஷயமில்லை. காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு வரைக்கும் உள்ள கடற்கரை மணலில், டயர் காற்றைக் குறைத்து ஓட்டும்போது பின்பக்கத்தில் குறையும் ஒவ்வொரு கிலோவும் உதவும். ஆர்.சி.யில் உள்ள சுமை அளவும் அவ்வளவுக்கு மிஞ்சும்.

விலையில் அலுமினியம் கிலோவுக்குப் பல மடங்கு அதிகம். வாங்கும் கிலோ பாதி என்பதால் வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும், ஆனால் மறையாது. வெல்டிங் கூலியும் கூடுதல். இரும்புக்கு எந்தத் தெருவிலும் ஆள் கிடைப்பார். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும், அதிலும் கார் பாகத்தை ஒட்டியவரும் தளம் கட்டியவரும் ஒன்றல்ல. காட்டுப்பாதையில் சட்டம் விரிசல் விட்டால் இரும்பை எந்த ஊர் பட்டறையிலும் ஒட்டி எடுத்து வீடு வந்து சேரலாம். அலுமினியத்தில் அந்த வசதி இல்லை. தொலைதூரப் பயணத்துக்கே வண்டி கட்டுகிறவர்கள் இரும்பை விடாமல் பிடித்திருப்பது இதனால்தான், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அலுமினியத்தின் இன்னொரு பலவீனம் களைப்பு. இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே உள்ள அதிர்வை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் தாங்கிக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட வரம்பு கிடையாது. சின்ன அதிர்வும் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசலாகத் தெரியும். அதோடு, 6061-டி6 ரகத்தை வெல்டிங் செய்தால் சூடு பட்ட இடத்தில் அதன் வலு பாதியளவுக்கும் கீழே போய்விடும். கப்பல், படகு வேலைக்கு எடுக்கும் 5083 ரகத்தில் இந்தச் சேதம் மிகவும் குறைவு. உப்புக்கும் அது நன்றாகத் தாங்கும். அதனால் பட்டறையில் ‘அலுமினியம் போடுங்க’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். தகட்டுக்கு 5083 அல்லது 5052 என்று கேளுங்கள். சட்டத்துக்கு 6061 எடுத்தால் அதை வெல்டிங் செய்யாமல் போல்ட்டிலும் ரிவெட்டிலும் கட்டச் சொல்லுங்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும் செக்கர் பிளேட்டில் (வழுக்காமல் இருக்க மேடு போட்ட தகடு) மிருதுவான ரகமும் வருகிறது. தகடு எந்த ரகம் என்பதற்கு, தயாரித்த ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு குறை இருந்தும் நான் அலுமினியத்தின் பக்கம் நிற்பது உப்புக்காற்றால்தான். காசிமேட்டுக்குப் போய் வரும் வண்டிகளின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தாலே போதும். ஐஸ் உருகிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், மேலே கடல்காற்று என்று மூன்றும் சேர்ந்தால் பெயிண்ட் அடித்த இரும்பு எவ்வளவு காலம் தாங்கும்? செக்கர் பிளேட்டின் மேடுகளில் பெயிண்ட் முதலில் தேயும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் அந்தத் தோல் திரும்ப வந்துவிடும். ஆனால் அதற்கும் காற்று வேண்டும். ஈரச் சாக்கையோ ரப்பர் பாயையோ நாள் கணக்கில் அப்படியே விரித்து வைத்தால் அடியில் குழி குழியாக அரிக்கும். ஈரச் சிமெண்டும் ஆகாது. காரத்தன்மை அந்தத் தோலைக் கரைத்துவிடும். கட்டட வேலைக்குக் கலவை ஏற்றுகிற வண்டிக்கு அலுமினியம் பொருத்தமே இல்லை.

இரும்புதான் வேண்டும் என்றால் பெயிண்ட்டை நம்பாமல் கால்வனைஸ் செய்யுங்கள். தளத்தை முழுதாகக் கட்டி முடித்து, ஓட்டையெல்லாம் போட்ட பிறகு, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் 6 மி.மீ. வரை உள்ள இரும்பில் சராசரியாக 70 மைக்ரான் பூச்சு ஏறும். கடலோரச் சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 2 முதல் 8 மைக்ரான் வரை கரையும். கணக்குப் போட்டால் மிக மோசமான இடத்திலும் எட்டு வருஷத்துக்குக் கவலை இல்லை. முக்கி எடுக்கும் துத்தநாகம் 450 டிகிரி சூட்டில் இருக்கும் என்பதால் இரண்டு எச்சரிக்கை. மெல்லிய தகடு அந்தச் சூட்டில் நெளியும். அப்புறம், சட்டத்துக்குச் சதுரக் குழாய் போட்டு இரண்டு முனையையும் அடைத்திருந்தால், உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடிக்கும். பக்கத்தில் நிற்கிறவருக்கு உயிராபத்து. ஒவ்வொரு குழாயிலும் காற்று போக ஓட்டை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பொருத்தும் வேலை. இங்கே இரும்புத் தளத்துக்கும் அலுமினியத் தளத்துக்கும் விதி ஒன்றுதான், ஆனால் தவறினால் அலுமினியம்தான் முதலில் உடையும்.

பிக்கப் வண்டியின் சேஸிஸ் ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டமும் நடுவே குறுக்குச் சட்டங்களும் கொண்டது. ஒரு பின்சக்கரம் மேட்டில் ஏறி, மற்றது பள்ளத்தில் இருக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும், முறுக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் கேபினும் தொட்டியும் வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். தளத்தை இறுக்கமாக ஒட்டிவிட்டால் அந்த முறுக்கு போக வழி இல்லாமல் வெல்டிங்கிலோ போல்ட் ஓட்டையிலோ வெடிப்பாக வெளிவரும். “சேஸிஸ்லயே வெல்டிங் போட்ருலாம்ணா, ஆடவே ஆடாது” என்று சொல்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சேஸிஸ் இரும்பு உயர்வலு ரகம். வெல்டிங் சூடு அதன் வலுவைக் கெடுக்கும். மேல் பட்டையிலும் கீழ்ப் பட்டையிலும் புதிதாக ஓட்டை போடுவதும் அதே அளவு தவறு.

ஒன்றே முக்கால் மீட்டர் நீளமுள்ள சின்ன தளத்துக்கு, தொட்டி உட்கார்ந்திருந்த அதே பிராக்கெட்டுகள் போதும். அவற்றின் மேல் பாலியூரித்தேன் புஷ் (ரப்பர் போல அமுங்கிக் கொடுக்கும் வளையம்) வைத்து சட்டத்தை உட்கார வையுங்கள். சட்டத்தின் முன்முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் அழுத்தம் ஒரே புள்ளியில் விழாது. மேலே கூடாரமோ பெட்டியோ கட்டி எடை கூடப்போகிறது என்றால், பின்பக்கம் நிலையாகவும் முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த போல்ட்டிலும் பிடிக்கச் சொல்லுங்கள். சேஸிஸ் முறுக்கும்போது முன்பக்கம் மட்டும் கொஞ்சம் எழும்பி அமரும்.

கால்வனைஸ் சட்டத்தின் மேல் அலுமினியத் தளம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெறும் இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம் போல வேலை செய்து அலுமினியம் அரியும். துத்தநாகம் மின்வேதி வரிசையில் அலுமினியத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அரிப்பு குறைவு. அப்படியும் நடுவே 3 மி.மீ. ரப்பர் பட்டை கட்டாயம். போல்ட் எஸ்.எஸ். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். போல்ட்டின் தண்டுக்கு நைலான் குழல், தலைக்கு அடியில் நைலான் வாஷர், அதன் மேல் அகலமான எஸ்.எஸ். வாஷர், கழன்று போகாத நைலாக் நட். இவ்வளவையும் ஒரு போல்ட்டுக்குச் செய்ய ஐந்து நிமிஷம் ஆகும், பட்டறையில் முகம் சுளிப்பார்கள். பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.

டீசல் ஊற்றும் வாய் தொட்டியில்தான் பிடித்திருக்கும். தொட்டியைக் கழற்றினால் அது அந்தரத்தில் தொங்கும். புது பிராக்கெட் அடிக்கும்போது குழாய் டேங்க் வரை ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவே தொய்ந்தால் அங்கே டீசல் தேங்கி, பங்க்கில் துப்பாக்கி ‘டக் டக்’ என்று நின்றுகொண்டே இருக்கும். சட்டத்தை வண்டியில் வைத்து வெல்டிங் செய்ய நேர்ந்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விடும். பின்விளக்கு, ரிஃப்ளெக்டர், நம்பர் பிளேட் விளக்கு, மட்கார்டு எல்லாம் திரும்ப வேண்டும்.

அரசாங்கச் சட்டத்தையும் ஒதுக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்துவிட்டது. அதனால் தொட்டியைக் கழற்றும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இன்னும் வண்டி வாங்கவில்லை என்றால் வழி சுலபம். நமக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலை வைத்திருக்கும் இசுசு, டி-மேக்ஸில் பிளாட் டெக் ரகத்தையே கொடுத்திருக்கிறது. இப்படித் தட்டைத் தளத்தோடோ வெறும் சேஸிஸாகவோ எடுத்து, தொடக்கத்திலேயே அந்த உடலோடு பதிவு செய்துவிட்டால் பிறகு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரகங்கள் சரக்கு வண்டியாகப் பதிவாகும், ஃபோர் வீல் டிரைவ் இருக்காது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை கடற்கரைக்குப் போய் வருகிறவர், வாரநாளில் அலுவலகத்துக்கு அதே வண்டியை ஓட்டுகிறவர் என்றால் தொட்டியே போதும். லைனரைக் கழற்றிவிட்டு உள்ளே பாலியூரியா பூச்சு அடித்துக்கொள்ளுங்கள், வடிகால் ஓட்டைகளைச் சுத்தமாக வையுங்கள். செங்கல், ஜல்லி, இரும்புக் கம்பி ஏற்றுகிறவருக்கு கால்வனைஸ் இரும்பு. மீன், ஐஸ், டைவிங் சாமான், முகாம் சாமான் என்று ஈரமும் உப்புமாக ஓட்டுகிறவருக்கு அலுமினியம். ஒவ்வொரு முறை மணலிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபாருங்கள். நைலான் வாஷர் அமுங்கி இறுக்கம் குறைந்திருக்கும்.