பதினாலு மாச ஜெர்மன்: வினைச்சொல் உட்காரும் இடம்

"மச்சான், ஜெர்மன் கிளாஸ் சேரலாமா?" போன வாரம் கிண்டி ஸ்டேஷனில் நண்பன் கேட்டான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று மாறி மாறி ஒட்டும் டெர், டீ, டாஸ் தொல்லையெல்லாம் அவனுக்கே தெரியும். பதினாலு மாதம் படித்த பிறகும் எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே உட்காருகிறது என்பது.

சாதாரண வாக்கியத்தில் அதற்கு இரண்டாவது இடம். இரண்டாவது சொல் என்று நினைத்துவிடக் கூடாது, முதல் இடத்தில் பல சொற்கள் சேர்ந்தும் வரலாம். 'ஹொய்ட்டெ ஃபாரெ இஷ் மிட் டெம் ட்சூக் நாஹ் தாம்பரம்.' இன்னைக்கு நான் டிரெயின்ல தாம்பரத்துக்குப் போறேன். 'ஃபாரெ'தான் வினை, 'இஷ்' என்றால் நான். 'இன்னைக்கு' முதலில் வந்துவிட்டதால் 'நான்' நகர்ந்து வினைக்குப் பின்னால் போகிறது. மற்றதைப் பாருங்கள்: இன்னைக்கு, டிரெயின்ல, தாம்பரத்துக்கு. எப்போது, எப்படி, எங்கே. நாம் பேசும் அதே வரிசை!

இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. 'வைல்' (ஏன்னா) பாடம் வந்த அன்று ஆசிரியர் போர்டில் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை எழுதி, "ஜெர்மன்ல இங்கே வினை கடைசிக்குப் போகும், ரொம்பக் கஷ்டம், மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்றார். வகுப்பே பயந்தது. அத்தனை பேரும் பேசத் தொடங்கிய நாளிலிருந்து வினையைக் கடைசியில் வைத்தே பேசுகிறவர்கள். நாலு மாதம் கழித்து, பீச் லைன் மின்சார ரயிலில் நோட்டைப் புரட்டும்போதுதான் எனக்கே உறைத்தது. 'வைல் இஷ் ஃபீபர் ஹாபெ.' ஃபீபர் காய்ச்சல், ஹாபெ வினை. 'எனக்குக் காய்ச்சல் இருக்கறதால.' நாம் கடைசியில் ஒட்டும் 'ஆல்' அங்கே 'வைல்' என்று முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் மாம்பலத்தில் இறங்க மறந்து கோடம்பாக்கம் வரை போனேன். கூடவே கோபமும் வந்தது. தமிழை நடுவில் வைத்து ஒரே ஒரு வகுப்பு எடுத்திருந்தால் அந்த நாலு மாதம் மிச்சம்.

பிரிந்து போகும் வினைகளை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 'ட்சூஸாகன்' என்றால் சம்மதிப்பது, 'அப்ஸாகன்' என்றால் ரத்து செய்வது. வாக்கியத்தில் 'ஸாகெ' இரண்டாவது இடத்துக்குப் போய்விடும். 'ட்சூ'வோ 'அப்'போ கடைசியில் தனியாக வரும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஸ்டுட்கார்ட் வாடிக்கையாளர் போனில், "இஷ் ஸாகெ டென் டெர்மீன் அம் ஃப்ரைடாக்..." என்றார், அதாவது 'வெள்ளிக்கிழமை சந்திப்பை நான்...'. லைன் கட். வெள்ளிக்கிழமை வருகிறாரா, இல்லையா? அந்த ஓரசையைக் கேட்காமல் யாராலும் சொல்ல முடியாது. தமிழிலும் 'வரேன்', 'வரலை' கடைசியில்தான் தெரியும். ஆனால் பாதியை முன்னால் காட்டி ஆசை காட்டுவதில்லை. இதே வினை 'வைல்' வாக்கியத்தில் வந்தால் 'அப்ஸாகெ' என்று ஒட்டிக்கொண்டு ஒழுங்காகக் கடைசியில் உட்காருகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை?

மொழி அழகானதுதான், தமிழனுக்கு நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் நண்பனிடம் "இப்போ வேண்டாம்டா" என்றேன். தமிழில் விளக்கத் தெரிந்த ஆசிரியர் கிடைக்கட்டும், அப்புறம் சேரட்டும். நான் பி1 என்கிற நடுநிலை ஜெர்மன் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேன்.