சொறிக்கு எது சரி: தடவும் டியூபா, விழுங்கும் மாத்திரையா?

பகலில் சும்மா இருக்கும் அரிப்பு, ராத்திரி பாயில் சாய்ந்ததும் பிய்த்து எடுக்கிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பில் நாடா கட்டும் இடம், ஆண்களுக்கு உறுப்பின் மேலும் சிறு சிறு கொப்புளம். வீட்டில் இன்னும் ஒருவருக்காவது இதே கதை. இவை மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்கேபிஸ், நம் ஊர்ப் பேச்சில் சொறி சிரங்கு. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வடசென்னையின் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் ஒரே அறையில் ஆறு பேர் வரிசையாகப் படுக்கும் வீடுகளுக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை, நோய் ஏற்கெனவே பழக்கம்தான். அழுக்கால் வருவது என்ற பேச்சில் உண்மையில்லை. தோலோடு தோல் கொஞ்ச நேரம் ஒட்டியிருந்தால் போதும், தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும்.

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன் சொறியை உண்டாக்கும் பூச்சியைப் பார்த்துவிடலாம். பெண் பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மேல்தோலுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே நாளைக்கு 2 அல்லது 3 முட்டை இடும். முட்டை 3, 4 நாளில் பொரியும். அந்தச் சுரங்கம் வெளியில் மங்கிய சாம்பல் கோடாக, பென்சில் முனையால் கீறியதுபோல் சில மில்லிமீட்டர் நீளத்துக்குத் தெரியும். சந்தேகமான இடத்தில் ஃபவுண்டன் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பார்த்தால், சுற்றியுள்ள தோல் வெளுத்துவிடும், மை உள்ளே இறங்கிய சுரங்கம் மட்டும் நீலக் கோடாக நிற்கும். சாதாரண நோயாளியின் உடம்பு முழுக்க இருப்பது 10, 15 பூச்சிதான். உடம்பெல்லாம் அரிப்பது பூச்சியின் எண்ணிக்கையால் அல்ல, அதற்கு எதிரான ஒவ்வாமையால். முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் அவர் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்திருப்பார். "எனக்கு ஒன்றும் இல்லையே" என்கிறவருக்கும் மருந்து போடச் சொல்வது இதனால்தான்.

முதல் போட்டியாளர், 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். ராத்திரி குளித்து, உடம்பு ஆறி, ஈரம் உலர்ந்த பிறகு கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஒரு இடம் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி அதே. பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம், அதாவது ஒரு முழு டியூப். கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் கண், வாய் தவிர்த்துத் தலை, முகத்திலும் தடவ வேண்டும். 2 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய பலம்.

பலவீனம் மருந்தில் இல்லை, தடவுவதில் இருக்கிறது. அரிக்கிற இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்து, ஒரே டியூபை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். நகத்துக்கு அடியில், பிட்டப் பிளவில், கால் விரல் இடுக்கில் யாரும் போடுவதில்லை. போட்டுவிட்டு ராத்திரி பாத்திரம் தேய்க்கப் போனால் கையிலிருந்த மருந்து சிங்க்கோடு போயிற்று. கை கழுவும் ஒவ்வொரு முறையும் திரும்பத் தடவ வேண்டும் என்று சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. முதுகுக்கு இன்னொருவர் கை வேண்டும். மே மாத வேர்வையில் ஃபேன் ஓடாத அறையில் படுத்தால் பாதி கிரீம் பாய்க்குத்தான்.

மாத்திரைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஐவர்மெக்டின், கொரோனா காலத்தில் வேண்டாத பெயரெடுத்த அதே மாத்திரை. உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். குடல் புழுவுக்குக் கொடுக்கும்போது வெறும் வயிற்றில் என்பார்கள், சொறிக்குச் சாப்பிட்ட பிறகு. சாப்பாட்டோடு போனால்தான் ரத்தத்தில் நன்றாக ஏறும். இது முட்டையைக் கொல்லாது, ஒன்றிரண்டு நாளில் உடம்பிலிருந்து பெரும்பாலும் கழிந்தும்விடும். 3 நாள் கழித்துப் பொரியும் குஞ்சு தப்பித்துக்கொள்ளும். ஆகவே 7 முதல் 14 நாளுக்குள் இரண்டாவது வேளையைக் கட்டாயம் போட வேண்டும், "அரிப்பு குறைந்துவிட்டது, எதற்கு" என்று அதை டப்பாவில் போட்டுவைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இது கொடுப்பதில்லை.

ஆய்வுகளில் இரண்டும் மோதியபோது என்ன ஆயிற்று? தனித்தனி நோயாளிகளில் முதல் வாரத்தில் கிரீம் ஒரு படி முன்னே நிற்கிறது, நாலு வாரம் போனால் பெரிய வித்தியாசம் இல்லை. ஊர் முழுக்கக் கொடுத்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஃபிஜித் தீவுகளில் 2000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. நோயாளிக்கும் அவரை ஒட்டியவர்களுக்கும் மட்டும் மருந்து கொடுத்த இடத்தில் ஓராண்டில் சொறி 49 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் பெர்மெத்ரின் கொடுத்த இடத்தில் 62. எல்லோருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்த இடத்தில் 94. மாத்திரை கிரீமைவிட வீரியமானது என்று இதைப் படிக்கக்கூடாது. கண் முன்னால் விழுங்கச் செய்யலாம், முதுகு எட்டவில்லை என்ற பிரச்சினை இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஆள் பழையவர், 25 சதவீத பென்சைல் பென்சோயேட் லோஷன். விலை மலிவு, இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்து தடவ வேண்டும். சொறிந்து புண்ணான தோலில் பட்டால் நெருப்பு வைத்தது போல எரியும், குழந்தைக்கு நீர்க்கச் செய்துதான் போடுவார்கள். இத்தனை குறை இருந்தும் இவரை ஓரங்கட்ட முடியாது. ஆஸ்திரியாவில் 110 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் பெர்மெத்ரின் போட்டவர்களில் 27 சதவீதமும் இந்த லோஷன் போட்டவர்களில் 87 சதவீதமும் குணமானார்கள். ஐரோப்பாவின் சில இடங்களில் பெர்மெத்ரினுக்கு அசையாத மரபணு மாற்றம் பூச்சியில் கண்டிருக்கிறார்கள். அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குத் தூக்கிவர வேண்டாம். ஆனால் முறையாக இரண்டு தடவை கிரீம் போட்டும் புதிதாகச் சுரங்கம் வந்தால், மூன்றாவது டியூபுக்குக் காசைக் கொட்டாமல் மருந்தை மாற்றித் தரச் சொல்வது நியாயம்.

கந்தகக் களிம்பு நாறும், துணியில் கறை படியும், ஆனால் 2 மாதம் நிரம்பாத சிசுவுக்கு அதுதான் துணை. காமா பென்சீன் லோஷனை, அதாவது லிண்டேனை, பழைய சீட்டை நீட்டி இன்றும் கேட்பவர்கள் உண்டு. நரம்பைத் தாக்கி வலிப்பு வரவழைக்கும், மற்றவை கிடைக்கும்போது தொடவே வேண்டாம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதற்கும் 1992இல் 814 பேரிடம் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது, 97 சதவீதம் குணம் என்றது. வேறு மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு என்பதால் அதை மட்டும் நம்பி வீட்டில் இருக்கச் சொல்ல மாட்டோம்.

இனி வீட்டுக் கணக்கு. 60 கிலோவில் கணவன் மனைவி, 45 கிலோவில் பாட்டி, 30 கிலோவிலும் 20 கிலோவிலும் பிள்ளைகள், 12 கிலோவில் கைக்குழந்தை. எல்லோருக்கும் கிரீம் என்றால் பெரியவர் மூவருக்கு 90 கிராம், பிள்ளைகளுக்குத் தலா 15, குழந்தைக்கு 7 அல்லது 8. ஒரு ராத்திரிக்கே ஏறக்குறைய 128 கிராம். இரண்டு ராத்திரிக்கு 30 கிராம் டியூப் ஒன்பது. மாத்திரை என்றால் எடை அட்டவணைப்படி வேளைக்கு ஏறக்குறைய 12, 12, 9, 6, 3 மில்லிகிராம், குழந்தைக்கு மட்டும் கிரீம். மனைவி கர்ப்பிணி என்றால் அவரும் கிரீம் பக்கம். ஆக, ஆறு பேர் வீட்டுக்கு எங்கள் தேர்வு இந்தக் கலப்புத்தான், தனியாக ஹாஸ்டலில் இருப்பவருக்குக் கிரீமே போதும். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ தெருமுனை கிளினிக்குக்கோ அரிக்கிற ஒருவர் மட்டும் போனாலும், வீட்டில் எத்தனை பேர், யார் எத்தனை கிலோ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

காசிமேட்டு வீடுகளில் இன்னொரு சிக்கல். விசைப்படகில் போனவர் ஒரு வாரத்துக்கு மேல் கடலில் தங்கிவிடுவார், இரண்டாவது வேளை நாளில் வீட்டில் இருக்க மாட்டார். மாத்திரையைப் பையில் கொடுத்தனுப்பலாம், படகில் நெருக்கியடித்துப் படுக்கும் கூட்டாளிக்கும் சொறி இருந்தால் அதுவும் வீண். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் எல்லோரும் கரையில் இருப்பார்கள். முதல் வேளையை எல்லோரும் ஒரு நாளிலும், இரண்டாவது வேளையை எல்லோரும் இன்னொரு நாளிலும் சேர்ந்து முடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

துணி விஷயத்தில் அளவுக்கு மீறிய பயம் வேண்டாம். பூச்சி உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும் வீட்டில் எல்லாப் போர்வையையும் கொதிக்க வைக்கச் சொல்வது நடக்காத காரியம். மூன்று நாளாக உடுத்தியது, விரித்தது மட்டும் சுடுநீரில் துவைத்து வெயிலில் போடலாம், துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கலாம்.

மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒன்று" என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த டியூப் அரிப்பை அடக்கும், பூச்சியை வளர்க்கும், கோடுகளை மறைத்து டாக்டரையே ஏமாற்றும். படுத்த படுக்கையான முதியவருக்கு அரிப்பே இல்லாமல் கை காலில் தடித்த பொருக்குப் படிந்தால் அது வேறு ரகம். அதில் ஆயிரக்கணக்கில் பூச்சி இருக்கும், ஒரு வார்டு முழுக்கப் பரவும். அவருக்குத் தனி இடம், தொடுபவருக்குக் கையுறை, ஐவர்மெக்டின் 1, 2, 8, 9, 15ஆம் நாட்களில், கூடவே கிரீம். இது வீட்டில் செய்கிற வேலையில்லை. சீழ் பிடித்த சொறி உள்ள பிள்ளைக்கு முகம் வீங்கி, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதித்திருக்கலாம், அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.

பூச்சி செத்த பிறகும் அதன் கழிவு தோலுக்குள் கிடப்பதால் அரிப்பு இரண்டு வாரம், சிலருக்கு நாலு வாரம்வரை நீளும். அதைப் பார்த்து மருந்து தோற்றது என்று தினம் தினம் கிரீம் தடவுகிறவருக்குக் கடைசியில் மிஞ்சுவது மருந்தாலேயே எரிந்து சிவந்த தோல். நாலு வாரம் கழித்துப் புதுக் கோடோ புதுக் கொப்புளமோ தெரிந்தால், எல்லோரும் மருந்து போட்ட ராத்திரியில் வீட்டில் யார் போடாமல் விட்டார் என்று முதலில் கேளுங்கள்.