கேம் ஐட்டம் விற்ற காசுக்கு வரி: நான் பயன்படுத்திய ஆன்லைன் தாக்கல் சேவை எப்படி?

மூன்று வருடமாக கவுன்ட்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் ஸ்கின், அதாவது ஆயுதங்களின் தோற்றத்தை மாற்றும் டிஜிட்டல் ஐட்டம், வாங்கி விற்கிறேன். முதல் இரண்டு வருடம் கையில் வந்தது சொற்பம். போன வருடம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகை சம்பளத்தை நெருங்கிவிட்டது, இனிமேல் இதைக் கணக்கில் காட்டாமல் இருப்பது தப்பு என்று பட்டதால், ஆன்லைனில் விற்பவர்களுக்காகவே நடத்துவதாகச் சொல்லும் ஒரு வரித் தாக்கல் சேவையில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பெயர் சொல்லவில்லை. நான் சொல்லும் குறை இந்த மாதிரிச் சேவை எதிலும் இருக்கலாம், சேரும் முன் நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லது. வங்கி ஸ்டேட்மெண்டை ஏற்றினால் எந்தத் தளத்திலிருந்து எவ்வளவு வந்தது என்று தானே பிரித்துக் காட்டுகிறது. படிவம் நிரப்பத் திணறவே இல்லை, அரை மணி நேரத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். அங்கே காட்டிய வரித் தொகையைப் பார்த்துத்தான் பகீரென்றது.

ஒரு கத்தி ஸ்கின்னை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 100-க்கு வாங்கி, நான்கு மாதம் வைத்திருந்து, 112-க்குக் கொடுத்தேன். விற்ற தளம் கமிஷனாக 6 பிடித்துக்கொண்டு மீதி 106-ஐ அனுப்பியது. அதில் எனக்கு மிஞ்சியது 6. சேவையின் திரையில் என் வருமானம் 106 என்று இருந்தது! இப்படியே வருடம் முழுக்க விற்ற எல்லாவற்றுக்கும். வாங்கிய விலையைப் போட ஒரு கட்டம்கூட இல்லை. சாட்டில் கேட்டால், "உங்கள் கணக்கில் வரவான தொகை அனைத்தும் வருமானமாகக் கருதப்படும்" என்று ஒரே பதிலை மூன்று முறை ஒட்டினார்கள். தெரியாமல் அப்படியே தாக்கல் செய்தவர்கள் எத்தனை பேரோ, நினைத்தாலே வயிறு எரிகிறது.

விடாமல் தனியாகக் காசு கட்டி அவர்களுடைய ஆலோசகரிடம் பேசினேன். இந்தச் சேவையில் காசுக்குத் தகுந்த பகுதி இது ஒன்றுதான். அந்த அம்மாவுக்கு கேம் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் முதல் கேள்வியே, "இதை எவ்வளவுக்கு வாங்கினீங்க, அதுக்கு என்ன அத்தாட்சி வெச்சிருக்கீங்க?" என்பதுதான். பழைய பொருள் வாங்கி விற்பவரின் கணக்கு மாதிரிதான் இதுவும் என்றார். விளையாடும்போது இலவசமாகக் கிடைத்த ஐட்டத்துக்குக் கொள்முதல் விலை கிடையாது, கமிஷன் போக வந்தது முழுக்க வருமானம். உள்ளே என்ன ஸ்கின் வரும் என்று தெரியாத கேம் பெட்டிகளை ஆசைக்குத் திறக்க வாங்கிய சாவிகளின் செலவைக் கழிக்கலாமா என்று கேட்டேன், விற்பதற்காகச் செய்த செலவு என்று காட்ட முடியாததைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான்.

அத்தாட்சி என்பது சின்ன விஷயம் இல்லை. சீன வரித் துறை 2008-லேயே, மற்ற விளையாட்டாளர்களிடம் மெய்நிகர் நாணயம் (கேமுக்குள் புழங்கும் காசு) வாங்கி விலை ஏற்றி விற்பவர்களின் லாபத்துக்கு 20% வரி என்று சொன்னபோது, வாங்கிய விலையை நிரூபிக்க முடியாவிட்டால் அதைத் துறையே நிர்ணயிக்கும் என்றும் சேர்த்தது. எந்த நாட்டில் இருந்தாலும் ரசீது உங்கள் கையில் இருப்பது நல்லது.

அடுத்த ஓட்டை ஸ்டீம் வாலட், அதாவது கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஓடும் ஸ்டீம் என்ற கேம் தளத்தில் நம் கணக்கில் இருக்கும் காசு. ஸ்டீம் சந்தையில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஐட்டத்துக்கு வாங்குபவர் 115 கொடுத்தால் விற்பவருக்கு 100 வரும், அந்த 100-ஐ வங்கிக்கு எடுக்க முடியாது. அமெரிக்க வருமான வரித் துறை 2020 பிப்ரவரியில், விளையாட்டுக்குள்ளேயே சுற்றும் நாணயப் பரிமாற்றத்தை வரிப் படிவத்தின் மெய்நிகர் நாணயக் கேள்வியில் குறிப்பிடத் தேவையில்லை என்று விளக்கியது. ஆனால் நான் செய்தது வேறு: வாலட் காசில் ஸ்கின் வாங்கி, வெளித் தளத்தில் ரொக்கத்துக்கு விற்றேன். அந்தக் கொள்முதல் வங்கி ஸ்டேட்மெண்டில் தெரியவே தெரியாது. வாலட்டைப் பற்றி இந்தச் சேவை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆலோசகர்தான் ஸ்டீம் சந்தை வரலாற்றைப் பக்கம் பக்கமாக எடுத்துத் தரச் சொன்னார்.

அப்புறம் வருடக் கடைசி விற்பனை. 2025 ஜூலையில் ஸ்டீமில் வந்த ட்ரேட் பாதுகாப்பின்படி, ஐட்டம் கைமாறிய ட்ரேடை 7 நாளுக்குள் திருப்பிவிட முடியும். கணக்கு முடியும் வாரத்தில் விற்ற இரண்டு ஸ்கின் அப்படித் திரும்பிப் போனது, இந்தச் சேவை அதையும் வருமானமாகவே வைத்திருந்தது. கையால் திருத்தினோம்.

எல்லாம் சரிசெய்து தாக்கல் செய்தபோது வரி முதலில் காட்டியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மென்பொருளுக்கு 5-க்கு 2, ஆலோசகருக்கு 5-க்கு 5. அடுத்த வருடம் ஆலோசனைக்கு மட்டும் பணம் கட்டுவேன். வாங்கிய தேதி, விலை, எங்கே வாங்கியது, விற்ற தேதி, கமிஷன், கைக்கு வந்தது என்று ஒரு எக்செல் தாளை இப்போதே ஆரம்பித்துவிட்டேன். தாளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட்.

இந்த வேலையை முதல் வருடமே செய்திருக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் வாங்கிய தளம் ஒன்று இடையில் மூடிவிட்டது, என் கொள்முதல் வரலாறும் அதோடு போயிற்று. அங்கே காசு கொடுத்து வாங்கிய 11 ஐட்டத்துக்கு அத்தாட்சி இல்லாமல், வாங்கிய விலை பூஜ்யம் என்று எழுதி வரி கட்டினேன்.