எம்1911 முதல் எம்17 வரை: இடுப்பு உறையில் எது தேறும்?

ராணுவப் பிஸ்டல்கள் பற்றிப் பேச்சு எடுத்தாலே தோட்டாவின் பருமனில்தான் வாதம் போய் நிற்கும். .45 பெரிதா, 9 மி.மீ. போதுமா என்று மணிக்கணக்கில் ஓடும். உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. இந்த ஆயுதம் நாள் முழுக்க இடுப்பில் கிடக்கிறது. வியர்வையும் மணலும் மழையும் தின்கிறது. சுடும் தேவை அபூர்வமாக வருகிறது, வந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. ஆகவே மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) தோட்டாவை ஒழுங்காக ஊட்டுகிறதா, சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) கட்டைவிரலுக்குத் தேடாமல் எட்டுகிறதா, துடைக்கக் கழற்றும்போது தவறு நேர எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை வைத்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

எம்1911 ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பு. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றது, 1985 வரை அதுவே அவர்களின் முதன்மைப் பிஸ்டல். .45 ஏசிபி வகைத் தோட்டா 7, காலி எடை சுமார் 1.1 கிலோ. இதன் பெருமை ட்ரிகர்தான். மற்ற பெரும்பாலான பிஸ்டல்களில் ட்ரிகர் ஓர் ஊசியில் சுழலும்; இதில் நேராகப் பின்னால் நகர்கிறது. விரல் எங்கே பட்டாலும் இழுப்பு ஒரே மாதிரி இருக்கிறது. சேஃப்டியும் கட்டைவிரல் இயல்பாகப் படியும் இடத்தில், கீழே தட்டினால் விடுபடும்படி அமைந்திருக்கிறது. இந்த இரண்டிலும் இதை மிஞ்சிய ராணுவப் பிஸ்டல் இன்றும் இல்லை என்பது எங்கள் கருத்து.

கழற்றுவதுதான் தொல்லை. பேரல் முனையைச் சுற்றியுள்ள வளையமான புஷ்ஷிங்கைத் திருப்ப, அதற்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் மூடியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விரல் நழுவினால் மூடி தெறித்துக் கண்ணில் அடிக்கும். கண்ணாடி போடாமல் கை வைக்கக் கூடாது. திரும்பப் பூட்டும்போது, ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் எஃகுப் பகுதி) நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பின் ஊசி, பேரலுக்கு அடியில் ஆடும் சிறிய இணைப்புத் துண்டின் துளை வழியாகப் போக வேண்டும். துளை நேராக வராமல் அவசரப்பட்டால் ஃபிரேமின் (பிடியோடு சேர்ந்த உடல்) இடப்பக்கம் வளைவாக ஒரு கீறல் விழும். பழைய 1911 எதைப் பார்த்தாலும் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். பழகிய கை கழற்றியதா, பழகாத கையா என்று அது சொல்லிவிடும். சுட்டபின் மிஞ்சும் காலித் தோட்டா உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் தனி ஸ்பிரிங் இல்லாத ஒரே எஃகுத் துண்டு. அதன் வளைவு தளர்ந்தால் காலி உறை ஸ்லைடில் சிக்கும். அதைச் சரியான அளவுக்கு வளைப்பது ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரரின் கைப்பக்குவம்.

சோவியத் டோகரேவ் டிடி-33 இதே பிரௌனிங் பாதையில் வந்தது. அதில் ஒரு நல்ல யோசனை உண்டு: தோட்டாவை வழிநடத்தும் உதடுகள் தகர மேகசினில் மட்டும் இல்லாமல் பிஸ்டலின் உள்ளேயே எஃகில் செதுக்கப்பட்டிருக்கும். மேகசின் கொஞ்சம் நசுங்கினாலும் ஊட்டம் கெடாது. ஹேமர் (ஊசியை அடிக்கும் சுத்தி) தொகுதி முழுதாக ஒரே துண்டாகக் கையோடு வரும். ஆனால் அசல் வடிவத்தில் சேஃப்டி இல்லை, ஹேமரின் பாதிநிலைப் பூட்டு மட்டுமே. எங்கள் மதிப்பில் அது போதாது.

பிரௌனிங் ஹை-பவரில்தான் நின்று பேச விஷயம் அதிகம். பிரௌனிங் தொடங்கிய வேலை. 1926-இல் அவர் இறந்தபின் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்தில் டியுடோனே செவ் முடித்தார். 1935-இல் வெளிவந்தது. 9 மி.மீ. தோட்டா 13, இரட்டை வரிசை மேகசின். இவ்வளவு கொள்ளும் பிடி தடித்துப்போக வேண்டும், இதில் போகவில்லை. கையில் எடுத்த கணமே படிகிற பிடி இதுபோல் வேறில்லை. எம்1911-இன் ஆடும் இணைப்புத் துண்டும் புஷ்ஷிங்கும் இதில் கிடையாது. பேரலுக்கு அடியில் ஒரு நிலையான சாய்வு மட்டுமே. கழற்றவும் எளிது: மேகசினை எடுத்து, சேம்பர் (பேரலில் தோட்டா நிற்கும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, ஸ்லைடைப் பின்னிழுத்துச் சேஃப்டியை அதன் இரண்டாவது வெட்டில் மாட்டி, ஸ்லைடு ஸ்டாப்பை வலமிருந்து தள்ளி எடுத்தால் முடிந்தது.

இந்திய ராணுவத்தின் 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ' இதன் வழிவந்ததுதான். போர்க்காலத்தில் கனடாவின் இங்கிலிஸ் ஆலை செய்த வடிவத்தை ஒட்டி இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை தயாரித்தது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பழைய வடிவத்தில் சேஃப்டி நெம்பு மிகச் சிறியது, கட்டைவிரல் வழுக்கும். ஹேமரின் வால் பின்வரும்போது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள தோலைக் கடிக்கும். பெரிய கைக்காரர்களுக்கு இது நிச்சயம். மூன்றாவது, மேகசின் இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாதபடி வைத்த தடுப்பு. பிரெஞ்சு ராணுவம் கேட்டதற்காகச் சேர்த்தது அது. கேட்டவர்கள் கடைசியில் இதை முதன்மைப் பிஸ்டலாக எடுக்கவே இல்லை. ட்ரிகரில் உள்ள ஒரு சிறு தண்டு மேகசினின் முன்முகத்தில் உரசிக்கொண்டே நகர்வதால் இழுப்பு கனத்து, மணல் கலந்ததுபோல் கரகரக்கும். பொத்தானை அழுத்தினாலும் மேகசின் தானாக விழாது, இழுத்தெடுக்க வேண்டும். அந்த முகத்தைச் சுத்தமாகவும் வழவழப்பாகவும் வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

இந்தத் தடுப்பு கற்றுத்தரும் கெட்ட பழக்கம் இன்னும் ஆபத்தானது. மேகசினை எடுத்துவிட்டால் பிஸ்டல் சுடாது என்று கை பழகிவிடுகிறது. அந்தக் கை கிளாக் 17-க்கு மாறும்போது, சேம்பரில் தங்கிய ஒரு தோட்டா மேகசின் இல்லாமலே வெடிக்கும்.

கிளாக்கில் இது வெறும் எச்சரிக்கை இல்லை. அதைக் கழற்ற ட்ரிகரை இழுத்தே ஆக வேண்டும். மேகசினை முதலில் எடுக்க வேண்டும், பிறகு சேம்பரைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் மேகசினிலிருந்து புதுத் தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். துடைக்கும் மேசையில் நடக்கும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. மற்றபடி 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற இந்தப் பிளாஸ்டிக் ஃபிரேம் பிஸ்டல் எளிமையில் ஒரு சாதனை. 34 பாகங்கள், 17 தோட்டா, காலி எடை 650 கிராமுக்கும் கீழே. பிரிட்டிஷ் ராணுவம் 2013-இல் ஹை-பவரை ஓய்வுக்கு அனுப்பி இதன் நான்காம் தலைமுறையை எடுத்தது. ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைக் குத்தும் ஊசி) ஓடும் துளையில் எண்ணெய் விடாதீர்கள். தூசியும் கரியும் ஒட்டிக் களிம்பாகி, தோட்டாவின் பின்பக்கத்தில் குத்து பலமில்லாமல் விழும். மணிக்கட்டைத் தளரப் பிடித்தாலும் ஸ்லைடு முழுதாகப் பின்போகாமல் காலி உறை சிக்கும். பிஸ்டலைக் குறை சொல்லும் முன் பிடியைப் பாருங்கள்.

பெரெட்டா எம்9 கதை மேகசினிலேயே தொடங்குகிறது. 1980-களில் அமெரிக்க ராணுவம் புதுப் பிஸ்டலைத் தேர்ந்தெடுக்க நடத்திய போட்டியில் பிஸ்டல் ஒன்றின் விலை என்று பார்த்தால் சிக் பி226 சற்றுக் குறைவு. மேகசினும் உதிரிபாகங்களும் சேர்த்துக் கூட்டியபோது பெரெட்டா வென்றது. 15 தோட்டா, மேலே திறந்த ஸ்லைடு. காலி உறை வெளியேற இவ்வளவு வழி விடும் பிஸ்டல் அரிது. பேரலைப் பூட்டும் கீழிறங்கும் கட்டை ஜெர்மன் வால்தர் பி38-இலிருந்து வந்தது. நிறையச் சுட்ட பிஸ்டலில் அந்தக் கட்டையின் காதுகள் விரிசல் விடும். கழற்றும்போதெல்லாம் உள்மூலைகளை வெளிச்சத்தில் பாருங்கள். தொடக்க காலத்தில் சில ஸ்லைடுகள் உடைந்து பின்பாகம் சுடுபவரின் முகத்தில் அடித்தது. அதன்பின் ஹேமர் ஊசியின் தலையைப் பெரிதாக்கி, உடைந்தாலும் ஸ்லைடு பின்னால் பறக்காதபடி செய்தார்கள். ஈராக்கில் வந்த கெட்டபெயருக்குப் பிஸ்டல் காரணம் இல்லை. வேறு ஒப்பந்ததாரர் செய்த மேகசின்களின் சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சில் நுண்மணல் பிடித்து, தோட்டா மேலேறாமல் நின்றது. வழவழப்பான பூச்சு வந்ததும் தீர்ந்தது. தீராத குறை சேஃப்டி ஸ்லைடில் இருப்பது: ஸ்லைடை இழுக்கும் அவசரத்தில் கை பட்டு அது பூட்டிக்கொள்ளும்.

2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவத்துக்குத் தேர்வான சிக் எம்17-இல் சேஃப்டி மீண்டும் ஃபிரேமுக்கு, எம்1911 வைத்த இடத்துக்கே திரும்பியது. கழற்ற ட்ரிகரை இழுக்கத் தேவையில்லை. வரிசை எண் தாங்கும் ட்ரிகர் தொகுதி தனியாகக் கழன்றுவருவதால் பிடியைக் கையளவுக்கு மாற்றலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், இதன் சிவில் வடிவமான பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று தெரிந்து, ட்ரிகர் பாகங்களை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. பழைய பி320 யாரிடமாவது இருந்தால் அந்த மாற்றம் நடந்ததா என்று பார்த்துவிட்டே உறையில் வைக்க வேண்டும்.

கைக்குப் படிவதில் ஹை-பவர், ட்ரிகரில் எம்1911. நாளை ஒரு புதுச் சிப்பாயின் இடுப்பில் மாட்ட ஒன்றைக் கேட்டால் கிளாக் 17-ஐ எடுப்போம், மூன்று மேகசின்களோடு. ஒவ்வொன்றிலும் வண்ணத்தால் எண் போடுங்கள். ஒரே எண் இரண்டு முறை சிக்கினால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். மூன்றாம் முறையும் சிக்கினால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டுப் புதியதை மாட்டுங்கள்.