கேலப் முதல் ஃப்ளாக்ஸ்டாஃப் வரை: எங்கே நிறுத்தலாம்?

நியூ மெக்சிகோவின் கேலப்பிலிருந்து அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு ஐ-40 நெடுஞ்சாலையில் சுமார் 185 மைல். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் இறங்கிப் பார்க்க நான்கு இடங்கள் போட்டியிடுகின்றன: பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா, வின்ஸ்லோ ஊர், மீட்டியர் கிரேட்டர், வால்நட் கேன்யன். நான்கையும் ஒரே பகலில் திணித்தால் எதையும் நின்று பார்க்க முடியாது. இரண்டு போதும்.

அரிசோனாவில் எக்ஸிட் (நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் வழி) எண்களே மைல் கணக்குதான்; இரண்டு எண்களைக் கழித்தால் இடைத்தூரம் கிடைத்துவிடும். இதை வைத்துப் பார்த்தால் பெட்ரிஃபைட் ஃபாரஸ்டின் அருமை புரியும். மேற்கே போகிறவர்கள் எக்ஸிட் 311-இல் நுழைந்து, பூங்காவின் 28 மைல் சாலையில் தெற்கே இறங்கி, யுஎஸ் 180 வழியாக ஹோல்புரூக்கில் (எக்ஸிட் 285) மறுபடி நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. கூடுதலாக ஓடுவது ஏறத்தாழ 20 மைல்தான். பலர் வடக்கு முனையில் பெயின்டட் டெசர்ட் என்ற வண்ணப் பாலைநிலத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலைக்கே திரும்பிவிடுகிறார்கள். கல்மரங்கள் (கல்லாகிப்போன பழங்கால மரங்கள்) குவிந்து கிடப்பது தெற்குப் பாதியில். அதைத் தவறவிட்டால் வந்ததே வீண்.

குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நடப்பதற்கு ப்ளூ மெசா (1 மைல், இறக்கம் செங்குத்து), கிரிஸ்டல் ஃபாரஸ்ட் (முக்கால் மைல்) இரண்டும் போதும். 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் அவை. மரத்தின் இடத்தைக் குவார்ட்ஸ் பிடித்துக்கொண்டது. சிவப்பும் மஞ்சளும் அதில் கலந்த இரும்பின் வேலை. ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. வெளிக் கடைகளில் வாங்கியிருந்தால் ரசீதைக் கையில் வையுங்கள். பழைய ரூட் 66 நெடுஞ்சாலை இந்தப் பூங்காவுக்குள் கடந்த இடத்தில் 1932-ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் கார் ஒன்று நிற்கிறது. அங்கே ஐந்து நிமிடம்.

பூங்கா வாயிலை மாலையில் பூட்டிவிடுவார்கள். உள்ளே காரை நிறுத்தி இரவு தங்கும் முகாம் கிடையாது. நேரக் கணக்குத் தவறுவதும் இங்கேதான். அரிசோனா கோடை நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது) கடைப்பிடிப்பதில்லை, பக்கத்திலுள்ள நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நேஷன் கடைப்பிடிக்கிறது. எல்லையோரம் ஃபோன் கடிகாரம் ஒரு மணி நேரம் தாவிக் குதிக்கும். பூங்கா இயங்குவது அரிசோனா நேரத்தில்.

மீட்டியர் கிரேட்டர் (எக்ஸிட் 233) சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல் தோண்டிய பள்ளம். குறுக்களவு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். அப்போலோ விண்வெளி வீரர்கள் பயிற்சி பெற்ற இடம். ஆனால் இது தனியார் நிலம், தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் செல்லாது. பள்ளத்துக்குள் இறங்கவும் விடமாட்டார்கள். விளிம்பில் காற்று பலமாக அடிக்கும். நிலவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் கூட வந்தால் கட்டாயம் போங்கள்; இல்லாவிட்டால் அந்த நேரத்தை வால்நட் கேன்யனுக்குக் கொடுங்கள்.

அங்கே (எக்ஸிட் 204, தெற்கே 3 மைல்) பாஸ் செல்லும். பாறை இடுக்குகளில் சினாகுவா என்ற பழங்குடி மக்கள் 800 ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளை ஐலண்ட் டிரெயில் என்ற நடைபாதையில் கை எட்டும் தூரத்தில் பார்க்கலாம். நீளம் 1 மைல்தான் என்று ஏமாறாதீர்கள். 185 அடி படியிறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும், அதுவும் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில். மூட்டுவலிக்காரர்களுக்கு மேலே விளிம்போரமாகப் போகும் ரிம் டிரெயில். பனி உறைந்தால் படிகளை மூடிவிடுவார்கள்.

வின்ஸ்லோ சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் சரியான ஊர். மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1930-இல் திறந்த லா பொசாடா ரயில் ஹோட்டலைச் சுற்றிப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். மதிய இடைவேளையை இங்கே வைத்துக்கொண்டால் தனி நேரம் தேவைப்படாது.

கிழக்கே போகிறவர்கள் வால்நட் கேன்யனைக் காலையில் முடித்து, ஹோல்புரூக்கில் திரும்பித் தெற்கு வாயில் வழியாகப் பூங்காவுக்குள் நுழையுங்கள். அன்றிரவு கேலப்பில் அறை எடுத்திருந்தால், மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.