செட்டிரிசின் 10 மி.கி. மாத்திரை: பலனும் பக்கவிளைவும்

செட்டிரிசின், ஒவ்வாமையால் வரும் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, தோல் தடிப்பு ஆகியவற்றுக்கு நல்ல மாத்திரை. ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும். 24 மணி நேரம் தாங்கும். மூக்கடைப்புக்கு மட்டும் பெரிதாக உதவாது.

பெரிய குறை தூக்கம். குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் எளிதாக நுழைந்து மந்தமாக்கும். செட்டிரிசின் குறைவாகவே நுழைகிறது, ஆனால் நுழையாமல் இல்லை. அதனால் முதல் மாத்திரையை இரவில் போடுங்கள். உடல் எப்படி ஏற்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். மதுவோடு சேரவே கூடாது. பகலில் விழிப்பு அவசியம் என்றால் பெக்சோபெனடின் என்ற இன்னொரு ஒவ்வாமை மாத்திரை மேலானது. அதைப் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சேர்வது குறையும், தண்ணீர்தான் சரி.

வாய் உலர்வு, தலைவலி சிலருக்கு வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருந்து உடலில் தேங்கும் என்பதால் மருத்துவர் அளவைக் குறைப்பார். பலர் கவனிக்காதது இன்னொன்று: சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே ஒரு ஒவ்வாமை மருந்து கலந்திருக்கும். அட்டையைப் படிக்காமல் இரண்டையும் போட்டால் தூக்கக் கலக்கம் இன்னும் கூடும்.

மாதக்கணக்கில் தினமும் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால், அரிதாகச் சிலருக்கு உடலெங்கும் கடும் அரிப்பு வரும். அதைப் புதிய ஒவ்வாமை என்று நினைத்துவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குளோர்பெனிரமின் போன்ற பழைய வகைகளை முதியவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை: குழப்பம், சிறுநீர் அடைப்பு, தடுமாறி விழுதல் எல்லாம் அவற்றால் வரும். மூச்சுத்திணறலோ நாக்கு வீக்கமோ இருந்தால் எந்த மாத்திரைக்கும் காத்திராமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.