தப்பான ரயிலில் ஏறினாலும் காசு போகாது: ஜெர்மனி செமஸ்டர் டிக்கெட், ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய பருவக் கட்டணத்தில் 208.80 யூரோ 'செமஸ்டர் டிக்கெட்'டுக்கு, அதாவது ஆறு மாத பஸ், ரயில் பாஸுக்கு என்று போட்டிருந்தது. ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்த நேரம் அது. "பஸ்ஸுக்கு மட்டும் இருபத்தோராயிரமா? நடந்து போற தூரத்துல ரூம் எடும்மா" என்றார் அப்பா. ஆனால் இது வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாமென்றால் விடலாம் என்கிற விஷயம் இல்லை. எல்லா மாணவரும் சேர்ந்து கட்டுவதால்தான் இந்த விலைக்கே கிடைக்கிறது. மனசில்லாமல்தான் கட்டினேன்.

நான் திருநெல்வேலிக்காரி. 2025 அக்டோபரில் டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தேன். ஆறு மாதம் ஆகிறது. இங்கே வந்த பிறகு நான் செலவழித்த பணத்தில் மிகச் சரியாகச் செலவானது எது என்று கேட்டால், இந்த டிக்கெட்தான் என்பேன். குளிருக்கு வாங்கிய கோட்கூட இரண்டாவதுதான்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய மாதாந்திரப் பயணச் சீட்டு டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள். நான் வந்தபோது 58, 2026 ஜனவரியிலிருந்து 63. மாணவர்களுக்கு அதே சீட்டு 60 சதவீத விலையில் வருகிறது. 58-இல் 60 சதவீதம் 34.80, அதை ஆறு மாதத்துக்குப் பெருக்கினால் 208.80. இதை வைத்து நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், ஊ-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (புறநகர் ரயில்), ஆர்.பி., ஆர்.ஈ. என்று பெயர் போட்ட வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் போகலாம். ஐ.சி.ஈ., ஐ.சி. போன்ற தொலைதூர வண்டிகளில் செல்லாது. இங்கே ஒரு தடவை போக டிக்கெட் எடுத்தாலே 3 யூரோவுக்கு மேல். வகுப்புக்குப் போய் வருவதிலேயே போட்ட காசு திரும்பிவிடும்.

ஆனால் நான் இதை எழுதுவது காசு மிச்சமானதற்காக இல்லை.

வந்த இரண்டாவது வாரம், பழைய மேசை விளக்கு ஒன்றை வாங்க ஹாகெனை என்ற இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஊ-பானில் ஊ 49 வண்டியைப் பிடிக்க வேண்டும். ஷ்டாட்கார்ட்டன் நிலையத்தில் அதே நடைமேடைக்குத்தான் ஊ 41-உம் வரும். எண்ணைச் சரியாகப் பார்க்காமல் 41-இல் ஏறிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் வரைபடத்தில் நீலப் புள்ளி வேறு பக்கம் நகர்வதைப் பார்த்து வயிறு கலங்கியது. ஹோர்டே என்ற நிறுத்தத்தில் இறங்கினேன். திரும்பிப் போக இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டுமோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். அப்புறம்தான் உறைத்தது, எதுவும் எடுக்க வேண்டாம். அடுத்த வண்டியில் அப்படியே ஏறலாம். ஏறாமல் இங்கேயே சுற்றிவிட்டும் போகலாம்.

சுற்றினேன். நாலு தெரு தள்ளி ஒரு ஏரி. ஃபீனிக்ஸ் ஏரி. அங்கே முன்பு பெரிய எஃகு ஆலை இருந்ததாம். 2001-இல் மூடி, ஆலையைப் பிரித்து சீனாவுக்குக் கப்பலேற்றிவிட்டு, அந்த இடத்தைத் தோண்டி 2010 அக்டோபரில் தண்ணீர் விடத் தொடங்கியிருக்கிறார்கள். எஃகு காய்ச்சிய மாபெரும் இரும்புக் கொப்பரை ஒன்றைக் கரையோரம் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தேன். துரு ஏறிய வயிறு, மேலே திறந்த வாய், அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம். ஊர் விட்டு வந்த பிறகு பயமில்லாமல் நடந்த முதல் மாலை அதுதான். இப்போதும் மனசு சரியில்லை என்றால் அங்கேதான் போகிறேன். விளக்கை மறுநாள் போய் வாங்கினேன்.

புது ஊரில் நம்மை அறைக்குள் முடக்கிப் போடுவது குளிரும் மொழியும் மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவை வெளியே கால் வைக்கும்போதும் மனசுக்குள் ஓடுகிற ரூபாய்க் கணக்குதான். ஊரில் கல்லூரிக்குப் போன நாட்களில் இதை நான் உணரவே இல்லை. 2021-இல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பிங்க் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் காசு வாங்காமல் சீட்டைக் கிழித்துத் தருவார். ஜங்ஷனில் இறங்கலாம், டவுனுக்குப் போகலாம், யாரிடமும் காசு கேட்க வேண்டாம். என் அம்மா தனியாகக் கடைவீதிக்குப் போகத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். அந்தச் சுதந்திரத்தின் அருமை எனக்கு இங்கே வந்துதான் புரிந்தது.

வளாகத்துக்குள்ளேயே ஒரு அதிசயமும் உண்டு: ஹா-பான். தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில், ஓட்டுநர் கிடையாது. 1984 முதல் ஓடுகிறது. வடக்கு வளாகத்திலிருந்து தெற்கு வளாகத்துக்கு மரங்களுக்கு மேலே போகும். இதிலும் இதே டிக்கெட்தான். முன் கண்ணாடியோரம் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

மொழிக்கும் இந்த டிக்கெட் உதவியது. எஸ் 1 ரயிலில் "அவுஸ்ஷ்டீக் இன் ஃபார்ட்ரிஷ்டுங் லிங்ஸ்" என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிக்கொண்டே வருவார்கள், இறங்கும் பக்கம் இடது என்று. பத்து நாளில் இடது வலது எனக்கு ஜெர்மனில் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடிக்கிடக்கும் என்பது தெரியாமல் முதல் வாரம் பால்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும் என்று பக்கத்து அறைப் பெண் சொன்னாள். உடனே கிளம்ப முடிந்ததும் இதனால்தான்.

பொங்கலுக்கு ஹாம் என்ற ஊருக்குப் போனேன். டோர்ட்முண்டிலிருந்து வட்டார ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து ஊன்ட்ரோப் பகுதிக்குப் பஸ். தொழிற்சாலைகளுக்கு நடுவே ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலின் கோபுரம் நிற்கிறது. ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்கு நடந்த கோயில். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் கற்பூர வாசம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "தனியவோ வந்தனீங்கள் பிள்ளை? இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். உளுந்தும் கருவேப்பிலையும் எந்தக் கடையில் வாங்க வேண்டும், என்றைக்குக் காய்கறி புதிதாக வரும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. இந்தப் பயணத்துக்குத் தனியாக ஒரு காசுகூட ஆகவில்லை.

சரி, குறைகள். வண்டிகள் தாமதமாகும், சில சமயம் வராமலே போகும். பரீட்சை நாளில் இரண்டு வண்டி முன்னதாகவே கிளம்புங்கள். தொலைதூரப் பயணத்துக்கு வட்டார ரயிலில் மாறி மாறிப் போவது அலுப்பு. முழு நாளும் போய்விடும். சைக்கிளுக்குப் பொதுவாகத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று: டிக்கெட் போனில்தான் இருக்கிறது. டிசம்பரில் ஒரு ராத்திரி குளிரில் என் போன் அணைந்துவிட்டது. அன்றைக்கென்று பரிசோதகர் வந்தார். எவ்வளவு சொல்லியும் 60 யூரோ அபராதச் சீட்டை நீட்டிவிட்டார். நான் திருட்டுப் பயணம் செய்தவள் மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். அறைக்கு வந்து அழுதேன். டிக்கெட் நம் பெயரில் இருந்தது என்பதைப் பிறகு அலுவலகத்தில் காட்டினால் குறைத்துக்கொள்வார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. 7 யூரோவோடு முடிந்தது. பவர் பேங்கும் அடையாள அட்டையும் இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள். அப்படி அபராதம் போட்டாலும் பயந்துபோய் முழுத்தொகையையும் கட்டிவிடாதீர்கள்.

அடுத்த பருவத்துக்கும் கட்டியாகிவிட்டது. இந்த முறை அப்பா எதுவும் கேட்கவில்லை. காமாட்சி அம்மன் தேர் வெயில் காலத்தில் ஓடும், ஆயிரக்கணக்கில் கூட்டம் வருமாம். விடுதியிலிருந்து நாலு பேர் வருகிறோம் என்றிருக்கிறார்கள். காலை முதல் ஆர்.ஈ. வண்டிக்கே கூட்டிப் போகப் போகிறேன்.